பொதுப்பணமும் கணக்கொப்புவித்தலும்: புதுச்சேரி தரும் பாடம்

பொதுப்பணம் எல்லோருக்கும் உரியது. ஆகவே அது எவரொருவர்க்கும் தனியே உரியதன்று. அதனைக் கையாளுவோர் நேர்மையுள்ளவராயிருத்தல் அவசியம். ஆயினும் நேர்மை மட்டும் போதாது. அந்நேர்மையைப் பிறர் கணக்கிற் கண்டு தெளியும்படி நடந்துகொள்ளுதலும் வேண்டும். இவ்வுண்மையை விளக்குவதற்குப் புதுச்சேரி நகரின் சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பதரிது. கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் இதனைத் தங்கள் கூட்டங்களில் வாசித்து ஆராய்வது நலந்தரும்.

1. மதில் நின்றது, கணக்கு நிற்கவில்லை

டூப்ளே என்பவர் 1742 முதல் 1754 வரை பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் சார்பாகப் புதுச்சேரியில் கவர்னராயிருந்தார். செலவைப் பெரிதும் குறைக்க வேண்டும் என்றும், கோட்டை வேலைகளை நிறுத்த வேண்டும் என்றும் 1743இல் கம்பெனியின் டைரெக்டர்கள் பாரிஸிலிருந்து உத்தரவிட்டனர். அப்பொழுது புதுச்சேரியின் கடற்பக்கம் காவலின்றித் திறந்து கிடந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூளும் என்பதை முன்னறிந்த டூப்ளே, உத்தரவை மீறித் தம் சொந்தப் பணத்தை முன்கடனாகப் போட்டு மதில் வேலையை நடத்தினார்.

1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் நகரை முற்றுகையிட்டார். நகரம் பணியவில்லை, அக்டோபர் மாதத்தில் ஆங்கிலேயர் முற்றுகையை விட்டுத் திரும்பினர். மதிலுக்கு இட்ட செலவு வீண்செலவன்று என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் அவ்வெற்றியால் ஒரு தவறான வழக்கம் வேரூன்றியது. 1749 முதல் ஆர்க்காட்டிலும் ஹைதராபாத்திலும் நடந்த வாரிசுப் போர்களில் டூப்ளே தலையிட்டார். படைச்செலவு பெருகியது. கம்பெனியின் கஜானா போதாதபோது அவர் தம் பணத்தையும் தம் நண்பர்களிடம் வாங்கிய பணத்தையும் போட்டார். கர்நாடக நிலவரி வசூலிலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அவரது எண்ணம். இவ்வாறு கம்பெனியின் பணம், கவர்னரின் பணம், நாட்டு வரிப்பணம் ஆகிய மூன்றும் ஒரே கையில் வந்து கலந்தன.

1754ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொதே என்பவர் புதிய அதிகாரியாக வந்திறங்கினார். டூப்ளே பதவியிழந்து அக்டோபரில் கப்பலேறினார். கம்பெனி தமக்குப் பல லட்சம் லிவர் கொடுக்க வேண்டும் என்று அவர் பிரான்சில் வாதாடினார். தாங்கள் அனுமதியாத செலவு தங்கள் கடனாகாது என்று கம்பெனியார் மறுத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடன்காரர் தொல்லைக்கிடையே 1763 நவம்பரில் அவர் பாரிஸில் காலமானார். அந்நாள் வரையில் அவர் கோரிய தொகை கைக்கு வரவில்லை.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதில் சரித்திராசிரியர்கள் ஒருமனப்படவில்லை. சங்கத்தார் நோக்கவேண்டுவது வேறு. அனுமதி பெறாமற் செலவு செய்தது ஒரு பிழை. சொந்தப் பணத்தையும் பொதுப்பணத்தையும் கலந்தது இரண்டாம் பிழை. கணக்கை அவ்வப்போது முடிக்காமற் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது மூன்றாம் பிழை. கம்பெனியார்மீதும் குறையுண்டு. செலவின் பயனை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். கணக்கைக் காலத்திற் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கடிதம் போய்ச்சேரவே பல மாதங்கள் பிடித்த அக்காலத்தில், தொலைவிலிருந்து நடத்தும் மேற்பார்வை பெயரளவில்தான் இருந்தது.

2. அன்றன்று எழுதியவர்

அதே நகரில், அதே காலத்தில், தமிழர் ஒருவர் தினந்தோறும் எழுதிவந்தார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. வணிகரான அவர் 1747 முதல் கவர்னரின் தலைமைத் துபாஷாகவும் விளங்கினார். 1736இல் தொடங்கி 1761இல் தாம் காலமாகும் வரையில், கப்பல் வரவு, வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கல், கவர்னருடன் நடந்த பேச்சு முதலியவற்றைத் தமிழிலேயே குறித்து வைத்தார். சென்னை அரசாங்கத்தார் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர்.

அது சர்க்கார் கணக்கன்று. ஒருவரது சொந்தக் குறிப்பே. எனினும் அன்றன்று எழுதப்பட்டமையால் இன்றும் சான்றாக நிற்கிறது. நினைவைக்கொண்டு பின்னர் எழுதும் கணக்கு அத்தகைய நம்பிக்கையைப் பெறாது. சங்கத்தின் நாள்வழி ஏட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் காரியதரிசிகள் இதனைக் கருத வேண்டும்.

3. உத்தரவிடுவோர் ஒருவர், பணங்கொடுப்போர் மற்றொருவர்

பிற்காலப் பிரெஞ்சு அரசாங்கம் இத்துறையில் உறுதியான விதிகளைச் செய்தது. பொதுக்கணக்குகளை ஆராய 1807இல் பாரிஸில் கணக்கு நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1862ஆம் ஆண்டின் பொதுக்கணக்குச் சட்டம், செலவுக்கு உத்தரவிடும் அதிகாரியும் பணத்தை வைத்துக் கொடுக்கும் அதிகாரியும் வெவ்வேறானவராயிருக்க வேண்டும் என்னும் விதியை வற்புறுத்தியது.

இவ்விதியின் பயன் எளிதில் விளங்கும். உத்தரவிடுபவர் எவ்வளவு பெரியவராயினும் பெட்டியைத் தொட முடியாது. பெட்டியை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி ஒரு காசும் செலவிட முடியாது. உத்தரவு முறையானதா, தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா, வேலை முடிந்ததற்குச் சான்றுண்டா என்பவற்றைப் பார்த்த பின்னரே அவர் பணங்கொடுக்க வேண்டும். முறைதவறிக் கொடுத்தால் அதற்குத் தம் சொந்தச் சொத்தைக்கொண்டு ஈடுசெய்யும் பொறுப்பும் அவருக்கிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சியாகிறார்கள் என்பதே பொருள்.

4. சுதந்திரத்திற்குப் பின்

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம் புதுச்சேரிக்குச் சட்டசபையையும் தனித் தொகுப்பு நிதியையும் அளித்தது. வருஷந்தோறும் வரவு செலவுத் திட்டம் சட்டசபையில் வைக்கப்பட வேண்டும். சட்டத்தின் அனுமதியின்றித் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுத்தலாகாது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தரும் அறிக்கை சட்டசபையின் முன் வைக்கப்படுகிறது; அதனைப் பொதுக்கணக்குக் குழு ஆராய்கிறது.

சேமநிதி, வைப்புத்தொகை முதலியவை அரசாங்கத்தின் வருமானமல்ல. பிறருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம். இவை அடங்கிய பொதுக்கணக்கு புதுச்சேரிக்கு நெடுங்காலம் தனியாயில்லை. மத்திய அரசாங்கத்தின் கணக்கோடு சேர்ந்திருந்தது. 2007 டிசம்பரில்தான் அது தனியே பிரிக்கப்பட்டது. பிரித்த பின்னரே தனக்குரியது எவ்வளவு, பிறருக்குத் தரவேண்டியது எவ்வளவு என்பதை ஓர் அரசாங்கம் தன் ஏட்டிலேயே காணமுடியும். அங்கத்தினர்களின் டிபாசிட்டு இருப்பைச் சங்கத்தின் லாபமென எண்ணி மகிழும் நிர்வாக சபையார் இதனை மனத்திற் கொள்வாராக.

5. சங்கத்திற்குப் பொருத்துதல்

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சங்கத்தின் களஞ்சியக் கூரை ஒழுகுகிறது, மழை நெருங்குகிறது. தலைவர் நல்லெண்ணத்துடன் தம் கைப்பணம் 8,000 ரூபாய் போட்டுக் கூரையைச் செப்பனிடுகிறார். தீர்மானமில்லை, கொத்தனாரிடம் ரசீது வாங்கவில்லை. பிறகு உர விற்பனைப் பணத்திலிருந்து 8,000 ரூபாயைத் தாமே எடுத்துக்கொள்கிறார். அவர் ஒரு காசும் திருடவில்லை. நெல்லும் நனையாமற் தப்பிற்று. ஆயினும் தணிக்கையாளர் வரும்போது ஏட்டிற் காண்பது யாது? உரப்பணத்தில் 8,000 ரூபாய் குறைவு. டூப்ளேயின் மதில் வழக்கு அக்கிராமத்திலும் தொடங்கிவிட்டது.

இதனைத் தவிர்க்கும் வழி கடினமன்று.

(1) அவசரச் செலவுக்குத் தலைவர் எவ்வளவு வரை உத்தரவிடலாம் என்பதை முன்னதாகவே தீர்மானம் செய்து வைக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் நிர்வாக சபையின் அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும்.

(2) எவரேனும் சொந்தப் பணம் போட நேர்ந்தால், அதனை அன்றே சங்கத்தின் வரவில் கைமாற்றாக எழுதி, செலவைத் தனியே ரசீதுடன் பதிய வேண்டும்.

(3) செலவுக்கு உத்தரவிடுபவரும் ரொக்கம் வைத்திருப்பவரும் ஒருவராயிருத்தல் கூடாது.

(4) மாலையில் ஏடு முடித்ததும் ரொக்க இருப்பை எண்ணிப் பார்த்து இருவர் கையெழுத்திட வேண்டும்.

(5) முன்பணம் வாங்கினவர் குறித்த நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். பழைய முன்பணம் தீருமுன் புதியது கொடுத்தலாகாது.

(6) தணிக்கை அறிக்கையைப் பொதுச்சபையில் முழுதும் வாசிக்க வேண்டும். குறைகளைச் சுட்டிய பகுதியை விட்டு வாசித்தல் அங்கத்தினர்களை ஏமாற்றுவதாகும்.

கணக்குக் கேட்பவர் பகைவரல்லர். காலத்திற் கேட்கப்படும் கணக்கு நல்லவரைக் காப்பாற்றுகிறது. கேட்கப்படாத கணக்கோ நல்லவரையும் தீயவரையும் ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறது. டூப்ளேக்குக் காலந்தோறும் கணக்கு முடிக்கப்பட்டிருப்பின், அவர் கொடுத்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்பது அவர் உயிரோடிருக்கும்போதே தெளிந்திருக்கும்.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நமது சங்கத்தில் இன்று ரொக்கம் எவ்வளவு? அதனைக் கடைசியாக எண்ணிப் பார்த்தவர் யாவர்?

2. தீராத முன்பணங்கள் எத்தனை? எவ்வளவு காலமாக நிற்கின்றன?

3. சென்ற தணிக்கையிற் கண்ட குறைகளில் எவை திருத்தப்பட்டன?

4. காரியதரிசி நாளை வேறூர் செல்ல நேர்ந்தால், ஏடுகளைக்கொண்டே மற்றொருவர் கணக்கை நடத்த முடியுமா?