முள் தெரிகிறதா? சிமுலேட்டர் விமானிகளுக்கு ஒரு பாடம்



நம் கம்ப்யூட்டர் அறையில் ஃப்ளைட்கியர் வந்ததிலிருந்து பாதிப் பேர் விமானி ஆகிவிட்டோம். இது இலவச மென்பொருள், வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். நான் கவனித்த ஒரு விஷயம்: ஓட்டத் தெரியாமல் விழுகிறவர்களைவிட, முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் விழுகிறவர்கள்தான் அதிகம். அதனால் இந்த இதழில் மானிகளைத் தெளிவாகப் படிப்பது பற்றி எழுதுகிறேன்.

ஏன் தெரிவதில்லை?

செஸ்னா 172 விமானத்தில் ஒரு மானியின் வட்டம் சுமார் 8 செ.மீ. அகலம். நம் 17 அங்குல மானிட்டரில் அதே மானி 3 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. திரையில் அதற்குக் கிடைப்பது குறுக்கே சுமார் 100 புள்ளிகள். அப்படியானால் சுற்றளவு சுமார் 314 புள்ளிகள். உயரமானியில் சின்னக் கோடுகள் மொத்தம் 50. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஆறே ஆறு புள்ளி! முள்ளே இரண்டு மூன்று புள்ளியை அடைத்துக்கொண்டால் எப்படித் தெரியும்? ஆகவே கண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

இது விளையாட்டு விஷயமா?

இல்லை. 1958 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் ஊருக்கு அருகே, சோதனைப் பறப்பில் இருந்த பிரிட்டானியா விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மூடுபனி. 11,500 அடி உயரத்தில் இருப்பதாக விமானிகள் நினைத்தார்கள். உண்மையில் இருந்தது சுமார் 1,500 அடியில். விமானம் தரையில் மோதி, அதிலிருந்த 12 பேரில் 9 பேர் இறந்துபோனார்கள். உயரமானி தவறாகப் படிக்கப்பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அந்தக் காலத்து உயரமானியில் மூன்று முட்கள். அதில் பத்தாயிரம் அடியைக் காட்டும் முள்தான் இருப்பதிலேயே சின்னது! பெரிய கணக்கைச் சின்ன முள்ளிடம் கொடுத்தால் என்ன ஆகும், பாருங்கள்.

இதற்கு முன்பே, 1947இல், அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், மானியைப் படிப்பதில் விமானிகளுக்கு நேர்ந்த 270 அனுபவங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். "விமானி கவனமில்லாதவர்" என்று சொல்லி முடித்துவிடாமல், "மானி எப்படி இருந்ததால் இது நடந்தது?" என்று கேட்டார்கள். நாமும் அதே கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம்.

முதலில் ஆறு மானிகள்

செஸ்னாவில் மேல் வரிசையில் இடமிருந்து வலமாக வேகமானி, செயற்கைத் தொடுவானம், உயரமானி. கீழ் வரிசையில் திருப்பம் காட்டி, திசைகாட்டி, ஏற்ற இறக்கமானி. இந்த இடங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். எது எங்கே என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

உயரமானியைக் கடிகாரம் மாதிரி படியுங்கள். குட்டை முள் ஆயிரம், நீள முள் நூறு. குட்டை முள்ளை முதலில் பாருங்கள், நீள முள்ளை அப்புறம் பாருங்கள். பெரிய தவறு வராது.

வேகமானியில் எண்ணைவிட நிறம் முக்கியம். ஃப்ளைட்கியரில் வரும் செஸ்னா 172பி விமானத்துக்குப் பச்சை 44 முதல் 127 நாட் வரை. மஞ்சள் 127 முதல் 158 வரை, காற்று அமைதியாக இருந்தால் மட்டும். 158இல் சிவப்புக் கோடு, அதைத் தாண்டவே கூடாது. வெள்ளை வில் ஃப்ளாப்பை முழுவதும் இறக்கிப் பறக்கும் வேகங்கள், 33 முதல் 85 வரை. முள் எந்த நிறத்தில் இருக்கிறது என்பது ஒரு பார்வையிலேயே புரிஞ்சுடும்.

இனி செய்ய வேண்டியவை

1. எக்ஸ் விசையைத் தட்டினால் காட்சி பெரிதாகும். இரண்டு மடங்கு ஆக்கினால் ஆறு புள்ளி இடைவெளி பன்னிரண்டு ஆகும். படித்ததும் கண்ட்ரோலோடு எக்ஸ் அழுத்துங்கள், பழைய காட்சி வந்துவிடும். பவர் கண்ணாடி போட்ட என் தோழி ஒருத்தி, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று எழுந்துபோய்விட்டாள். இந்த ஒரு விசையைக் காட்டியதும் உயரத்தைச் சரியாகப் படித்துச் சொன்னாள். இப்போது அவளுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது!

2. தட்டை மானிட்டராக இருந்தால், அதற்கென்று உள்ள முழு ரெசல்யூஷனையே வையுங்கள். குறைத்தால் எழுத்து மங்கும்.

3. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மானிட்டரைத் திருப்புங்கள். பழகும்வரை என்விரான்மென்ட் மெனுவில் நேரத்தை நண்பகலாக வையுங்கள். இரவுப் பறப்பு பிறகு பார்க்கலாம்.

4. வேகங்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்: மூக்கைத் தூக்க 55, மேலேற 76, ஃப்ளாப் போட்டு இறங்க 60 முதல் 70. பழைய ஜெட் விமானங்களின் வேகமானியைச் சுற்றி நகர்த்தக்கூடிய சின்னக் குறிகள் இருக்கும். விமானிகள் அன்றைய வேகங்களை அதில் குறித்துவைப்பார்கள். நம் அட்டையும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

5. ஒரே மானியை முறைத்துப் பார்க்காதீர்கள். தொடுவானம், வேகம், தொடுவானம், உயரம், தொடுவானம், திசை என்று ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பி வாருங்கள். ஒரு மானியில் ஓரிரு நொடி போதும்.

6. எச் விசையைத் தட்டினால் வேகமும் உயரமும் எண்களாகவே கண்ணாடிமேல் தெரியும். ஆரம்பத்தில் சரிபார்க்க உதவும். அதையே நம்பியிருந்தால் முள்ளைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே மாட்டோம். நீந்தப் பழகும்போது கட்டிய சுரைக்குடுக்கையை ஒருநாள் அவிழ்த்துத்தானே ஆக வேண்டும்?

செய்து பாருங்கள்

இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் ஓட்டட்டும். மற்றவர் திடீரென்று பி விசையைத் தட்டி விமானத்தை நிறுத்தி, திரையைக் கையால் மறைத்து, "உயரம் என்ன? வேகம் என்ன?" என்று கேட்கட்டும். பத்துக்கு எத்தனை சரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து மறுபடியும் பத்து கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மூளைக்கு வேலை: குட்டை முள் 2க்கும் 3க்கும் நடுவில், 3ஐ ஒட்டி நிற்கிறது. நீள முள் 8இல் நிற்கிறது. விமானம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?

(விடை: 2,800 அடி. 3,800 என்று சொன்னவர்கள் குட்டை முள்ளை இன்னொரு முறை பாருங்கள்!)