உச்சிப்புளி வெயிலில் சாக்லேட் ட்ரஃபிள்: செய்முறையும் கணக்கும்



ஊட்டிக்குப் போனவங்க வாங்கி வரும் 'ஹோம் மேட்' சாக்லேட்டைப் பார்த்து, "இதை நாமளும் செய்து விற்கலாமே" என்று கேட்கிறோம். செய்யலாம். ஆனால் ஊட்டி குளிர்ந்த மலை, நம்மூர் கடற்கரை வெயில். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு வந்துவிடும். ஆகவே செய்முறையோடு சூட்டைச் சமாளிக்கும் வழியையும் சேர்த்தே படிப்போம். குழுக் கடன் பணம் உருகிப் போகக் கூடாது அல்லவா?

ட்ரஃபிள் என்பது சாக்லேட்டும் கிரீமும் கலந்த மெத்தென்ற உருண்டை. மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான் போல இருப்பதால் இந்தப் பெயர் வந்தது.

தேவையான பொருட்கள் (சுமார் 40 உருண்டை)

டார்க் சாக்லேட் - 400 கிராம்
ஃபிரஷ் கிரீம் - 200 மி.லி.
வெண்ணெய் - 1 மேசைக்கரண்டி
இனிப்பில்லாத கொக்கோ பவுடர் - புரட்டி எடுக்க

செய்முறை

1. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத பாத்திரத்தில் போடவும்.
2. கிரீமைச் சிறு தீயில் வைக்கவும். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடவும். பொங்க விட வேண்டாம்.
3. சூடான கிரீமைச் சாக்லேட் மேல் ஊற்றி 3 நிமிடம் அப்படியே விடவும். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கவும். வெண்ணெய் சேர்க்கவும். எண்ணெய் பிரிந்தால் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும்.
4. ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் வைக்கவும்.
5. ஸ்பூனால் எடுத்து, ஒவ்வொன்றும் 15 கிராம் அளவில் உருட்டி, கொக்கோ பவுடரில் புரட்டவும். கை சூடானால் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டவும்.

மில்க் சாக்லேட் என்றால் இதே கிரீமுக்கு 600 கிராம் வேண்டும். இல்லையென்றால் உருண்டை பிடிக்க வராது.

நம்மூர்ச் சுவைகள்

கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி சுக்கு: கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி, கெட்டிப் பாகாக்கவும். ஆறியதும் 2 டீஸ்பூன் பாகும், ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் சேர்க்கவும். இந்தப் பங்கு இறுக ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

தேங்காய் ஏலக்காய்: பச்சைத் தேங்காய் வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். கொப்பரைத் துருவலை வெறும் சட்டியில் வறுத்து, ஏலத்தூளோடு 2 மேசைக்கரண்டி கலக்கவும். உருண்டையையும் கொப்பரைத் துருவலிலேயே புரட்டலாம்.

முண்டு மிளகாய்: சாக்லேட்டில் மிளகாயா என்று சிரிக்காதீங்க! மெக்சிகோ நாட்டில் பழங்காலத்திலேயே கொக்கோ பானத்தில் மிளகாய் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதை நீக்கி, வறுத்துப் பொடித்து, சலித்து, ஒரு சிட்டிகை மட்டும் சேர்க்கவும். பெட்டியில் 'காரம்' என்று எழுதிவிடவும்.

கவனிக்க வேண்டியவை

கிரீம் சேர்ந்திருப்பதால் இது கடையில் தொங்கவிட்டு விற்கும் மிட்டாய் அல்ல. ஃபிரிட்ஜில் வைத்து 5 நாளைக்குள் சாப்பிட வேண்டும். ராமேஸ்வரம் வரும் யாத்திரிகர்கள் ஊருக்கு வாங்கிப் போக இது சரிப்படாது. பிறந்தநாள், வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று ஆர்டர் வாங்கிச் செய்யுங்கள். முன்பணம் வாங்கிய பிறகே சாக்லேட் வாங்குங்கள். ஐஸ் வைத்த பெட்டியில், வெயிலுக்கு முன்போ சாயங்காலமோ கொண்டுபோய்க் கொடுங்கள். கரண்ட் போகும் நாளில் ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள்.

காம்பவுண்ட் என்று விற்பதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு. அதில் செய்தால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம்.

கணக்கு

சாக்லேட், கிரீம், கேஸ், கரண்ட், பேப்பர் கப், பெட்டி, ஐஸ், போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதுங்கள். அதோடு நம் கூலியையும் எழுதுங்கள். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். உதாரணத்துக்கு, கூலி உட்பட 40 உருண்டைக்கு 600 ரூபாய் என்றால் அடக்கம் 15 ரூபாய். 15-க்கே விற்றால் கூலி மட்டும்தான் மிஞ்சும், குழுவுக்கு லாபம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024-ல் உலகச் சந்தையில் கொக்கோ விலை வரலாறு காணாத அளவு ஏறியது. அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் அன்றைய விலையைக் கேட்டே விலை சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் வீட்டில் நல்ல ஃபிரிட்ஜ் உள்ளது? அவருக்குக் கரண்ட் செலவு எப்படிக் கொடுப்பது?
2. அடுத்த இரண்டு மாதத்தில் நம் தெருவில் என்னென்ன விசேஷம் வருகிறது?
3. முதலில் கால் பங்கு அளவு, அதாவது 10 உருண்டை மட்டும் செய்து பார்க்க எவ்வளவு செலவாகும்?

முதல் 10 உருண்டையை நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். ருசி பிடித்தால் அடுத்த வாரம் ஆர்டர் கேளுங்கள்.