முகத்தைப் பார்க்காத பிள்ளை
ஓட்டிசம் பற்றி மூளை ஆய்வுகள் சொல்வது என்ன?

"ஆளோடு கதைக்கும்போது முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும்." சிறு வயதில் வீட்டிலும் பாடசாலையிலும் நம் எல்லோருக்கும் சொல்லித் தரப்பட்ட பாடம் இது. முகத்தைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார், மதிக்கவில்லை, அல்லது அன்பில்லாதவர் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

என் சாச்சியின் மகனுக்கு இப்போது ஏழு வயது. அவன் யாருடைய முகத்தையும் அதிகம் பார்ப்பதில்லை. பெருநாளன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்தால், அறையின் மூலையில் இருந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சென்ற பெருநாளில் உறவுக்காரப் பெண்ணொருவர் சாச்சிக்குக் கேட்கும்படியே, "உம்மா கொஞ்சம் மடியில வச்சுக் கதைச்சிருந்தா புள்ள இப்படி இருக்குமா?" என்றார். சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த வட்டிலப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. உயிரியல் படிக்கும் மாணவியாக அதைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தாய்மார் மீது விழுந்த பழி

ஓட்டிசம் என்பது தொற்றுகின்ற நோயல்ல. மூளை வளரும் விதத்தில் ஆரம்பத்திலிருந்தே காணப்படும் ஒரு வேறுபாடு அது. மற்றவரோடு தொடர்புகொள்ளும் முறை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, வெளிச்சம், தொடுகை போன்றவற்றை உணரும் அளவு ஆகியவற்றில் அந்த வேறுபாடு தெரியும். ஒருவரில் காணப்படுவது போலவே இன்னொருவரில் காணப்படாது. சிலர் பேசுவதேயில்லை. சிலர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள்.

1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வைத்தியர் லியோ கானர், 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். அவர்களில் 8 பேர் ஆண் பிள்ளைகள், 3 பேர் பெண் பிள்ளைகள். இவர்கள் பிறக்கும்போதே இவ்வியல்போடு பிறந்தவர்கள் என்று அவர் எழுதினார். ஆனால், பெற்றோரில் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்களாக இருந்தார்கள் என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டார்.

பின்வந்தோர் முதலாவது கருத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். தாயின் மனம் குளிர்சாதனப் பெட்டி போல இருந்ததால்தான் பிள்ளை தனக்குள் ஒதுங்கிவிட்டது என்ற கருத்து 1950களிலும் 1960களிலும் பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூல் அதை மேலும் பரப்பியது. ஏற்கெனவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த தாய்மார் குற்றவாளிகளும் ஆனார்கள்.

இக்கருத்தை எதிர்த்தவர்களுள் பெர்னாட் ரிம்லண்ட் முக்கியமானவர். அவர் ஓர் உளவியலாளர். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும்கூட. ஓட்டிசத்தின் காரணம் உயிரியல் சார்ந்தது என்று 1964 இல் வெளிவந்த தன் நூலில் அவர் வாதிட்டார்.

அதற்குப் பலமான சான்று 1977 இல் கிடைத்தது. சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கல் ரட்டர் ஆகிய இருவரும் 21 சோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில், 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருக்களிலிருந்து வந்த 10 சோடிகளில், ஒன்றில்கூட இருவருக்கும் இருக்கவில்லை. இரு வகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம்தான் வளர்கிறார்கள். வளர்ப்புத்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. ஒரே கருவிலிருந்து வந்தவர்கள் அநேகமாக ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவர்கள் என்பதே இதற்கான விளக்கம். பின்னர் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளும் பரம்பரையலகுகளின் பங்கு பெரியது என்றே காட்டின.

பெருநாளன்று கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே பதில். சாச்சி எத்தனை மணித்தியாலம் மடியில் வைத்திருந்தாலும் அவன் இப்படித்தான் இருந்திருப்பான்.

இரண்டு பொம்மைகள்

அப்படியானால் மூளையில் என்ன வேறுபாடு? 1985 இல் இலண்டனில் சைமன் பரோன்-கோஹன், அலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகியோர் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பொம்மை நாடகத்தைக் காட்டினார்கள். சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் ஒளிக்கிறது. சாலி திரும்பி வந்தால் எங்கே தேடும்?

கூடைக்குள் என்பதே சரியான விடை. குண்டு பெட்டிக்குள் இருப்பது நமக்குத் தெரியும், சாலிக்குத் தெரியாது. ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

இந்த ஆய்வு பிரபலமானது. ஆனால் அதைத் தவறாக விளங்கிக்கொண்டவர்களும் உண்டு. மற்றவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, மற்றவருக்கு வலிக்கும்போது நமக்கும் வலிப்பது வேறு. முதலாவது கடினம் என்பதால் இரண்டாவது இல்லையென்று ஆகிவிடாது. மேலும் 4 பிள்ளைகள் சரியான விடையைச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கண்களைப் பார்க்கும்போது மூளைக்குள் நடப்பது

நாம் ஒரு முகத்தைப் பார்க்கும்போது மூளையின் கீழ்ப்பக்கத்திலுள்ள ஒரு பகுதி முகத்தை அடையாளம் காண உதவுகிறது. அமிக்டலா எனப்படும், பாதாம் பருப்பின் வடிவிலுள்ள இன்னொரு பகுதி, பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடையது. மூளையின் எந்தப் பகுதிக்கு அதிக ஒட்சிசன் கொண்ட இரத்தம் செல்கிறது என்பதைச் சில எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முறைகள் மூலம் அறியலாம். அதிலிருந்து எப்பகுதி அதிகம் வேலை செய்கிறது என்று கணிக்கிறார்கள்.

தொடக்ககால ஆய்வுகள் சிலவற்றில், ஓட்டிசம் உள்ளவர்கள் முகங்களைப் பார்க்கும்போது முகத்தை அறியும் பகுதி குறைவாக வேலை செய்வதாகத் தெரிந்தது. அப்பகுதி பழுதடைந்துள்ளதோ என்று சிலர் எண்ணினர். ஆனால் ஒரு முக்கியமான கேள்வி மிச்சமிருந்தது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் அவர்கள் அந்த முகத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

2002 இல் யேல் பல்கலைக்கழகத்தில் அமி கிளின் குழுவினர், கண் அசைவைப் பதியும் கருவியோடு ஒரு திரைப்படக் காட்சியைக் காட்டினார்கள். மற்றவர்கள் நடிகர்களின் கண்களையே அதிகம் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் வாயையும் உடலையும் அங்கிருந்த பொருட்களையும் அதிகம் பார்த்தார்கள்.

2005 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கிம் டோல்டன் குழுவினர் கண் அசைவையும் மூளையின் செயற்பாட்டையும் ஒன்றாகப் பதிந்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் கண்களைப் பார்த்த நேரம் கூடக் கூட, அவர்களின் அமிக்டலாவின் செயற்பாடும் கூடியது. அதாவது, கண்களைப் பார்ப்பது அவர்களுக்கு ஒன்றுமில்லாத விடயமல்ல. தாங்க முடியாத அளவுக்கு அதிகமான விடயமாக இருக்கலாம். கண் கூசும் வெளிச்சத்திலிருந்து நாம் முகத்தைத் திருப்புவது போல, அவர்கள் பார்வையைத் திருப்புகிறார்கள். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தம் அனுபவத்தையும் இப்படியே விவரிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். எத்தனையோ தடவை நான் அவனது நாடியைப் பிடித்து, "ராத்தாவைப் பார்" என்று திருப்பியிருக்கிறேன். அன்பாகச் செய்வதாகத்தான் நினைத்தேன்.

எல்லா மூளை ஆய்வுகளும் ஒரே முடிவைத் தருவதில்லை. இவ்வாய்வுகள் சொல்வது ஒரு குழுவின் சராசரியைத்தான். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து, இன்ன பிள்ளைக்கு ஓட்டிசம் உண்டு என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளையின் நடத்தையையும் வளர்ச்சியையும் கவனித்தே வைத்தியர்கள் முடிவு செய்கிறார்கள்.

கோடு எங்கே இருக்கிறது?

2001 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 50 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். ஓட்டிசம் சார்ந்த இயல்புகள் சாதாரண மக்களிடமும் கூடியும் குறைந்தும் பரவியிருப்பதை அது காட்டியது. கூட்டத்தைக் கண்டால் களைத்துப் போவதும், சிறு மாற்றத்துக்கும் மனம் குழம்புவதும் நம் வகுப்பறையிலும் உண்டு. அதற்காக, எல்லோருக்கும் கொஞ்சம் ஓட்டிசம் உண்டு என்று இலேசாகச் சொல்லிவிடவும் கூடாது. நமக்குச் சிறு சங்கடமாக இருப்பது, இன்னொருவரின் முழு நாளையும் நிறுத்திவிடக் கூடும்.

பெண் பிள்ளைகளில் இது பலவேளை தாமதமாகவே அறியப்படுகிறது. மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் பழகி மறைத்துக்கொள்பவர்கள் அவர்களில் பலர். "வெட்கம் கூடிய பிள்ளை" என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் மாணவி, வீட்டுக்குப் போனதும் களைத்து விழுகிறாளா என்பது நமக்குத் தெரியாது.

இரு பக்கமும் உள்ள இடைவெளி

2012 இல் டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். அவரும் ஓட்டிசம் உள்ளவரே. அவர்களுக்கு நம்மை விளங்குவது கடினமென்றால், நமக்கும் அவர்களை விளங்குவது கடினம்தானே என்று அவர் சுட்டிக்காட்டினார்.

2020 இல் எடின்பரோவில் கேத்தரின் குரோம்டன் குழுவினர் இதைப் பரீட்சித்தார்கள். எட்டுப் பேர் கொண்ட வரிசையில் ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகளில், மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைகளைப் போலவே கதை நன்றாகக் கடந்து சென்றது. இரு சாராரும் கலந்திருந்த வரிசைகளில்தான் அதிகம் தொலைந்தது. குறை ஒருவரது மூளைக்குள் மட்டும் இல்லை, இருவருக்கும் நடுவிலும் இருக்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

நாம் செய்யக்கூடியவை

இது தூரத்து நாடுகளின் விடயமல்ல. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது.

ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டாமை, பேச்சு தாமதமாதல் போன்றவற்றைக் கண்டால் பெற்றோர் மறைக்காமல் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்ல வேண்டும். நேரத்தோடு கிடைக்கும் உதவி பிள்ளைக்குப் பெரும் பயன் தரும். தாய் மீது பழி போடும் சமூகத்தில் தாய் மறைக்கத்தான் பார்ப்பாள். அந்தத் தாமதத்தின் நட்டம் பிள்ளைக்கே.

இப்போது நான் அவன் நாடியைப் பிடிப்பதில்லை. போத்தல் மூடிகளை நிறவாரியாக அடுக்கும்போது பக்கத்தில் இருந்து நானும் அடுக்குவேன். போன கிழமை ஒரு நீல மூடியை என் கையில் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் எந்த வரிசையை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பதைக் கவனித்துத்தான் தந்திருந்தான்.

வரும் பெருநாளுக்கும் அதே உறவுக்காரர் வருவார். அதே கேள்வியைக் கேட்டால் இம்முறை சாச்சி எழுந்து போக வேண்டியதில்லை. பதிலை நான் சொல்வேன்.

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி