காஸ்டிக் சோடாவும் கரிசல் வீட்டுப் பாத்திரங்களும்

தூத்துக்குடிக் கரையில் விளையும் உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில், ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் 1950களின் இறுதியிலே தொடங்கி இன்றளவும் நடந்து வருகிறது. ஆலைக்குள் அதைத் தொடுகிறவனுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதே வஸ்து வெள்ளைச் செதில்களாகப் பொட்டலத்தில் ஏறி, கோவில்பட்டியிலும் சுற்றுக் கரிசல் கிராமங்களிலும் தேங்காயெண்ணெய்ச் சோப்புச் செய்து நாலு காசு பார்க்க எண்ணும் பெண்களின் அடுக்களைக்குள் வந்து சேரும்போதோ, கவசத்தின் ஸ்தானத்தைச் சில நம்பிக்கைகளே வகிக்கின்றன.

திராவகம்தான் கொடியது, காஸ்டிக் சோடா போன்ற காரம் சாது என்பது அவற்றுள் முதலாவது. அமிலம் பட்ட தசை பெரும்பாலும் உறைந்து, உள்ளே மேலும் இறங்காதபடி தானே ஒரு தடையாகிவிடும். காரமோ சருமத்தின் கொழுப்பையே சோப்பாக்கிக் கொண்டு ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், அதுவும் ஆரம்பத்தில் வலி அதிகம் தெரியாமலே. கண்ணில் தெறித்த ஒரு துளி பார்வையைப் பறித்துவிடக் கூடுமாகையால், வாசிக்கும் மூக்குக்கண்ணாடியை நம்பாமல், பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிவதே உசிதம்.

கனமான பாத்திரமாயிருந்தால் எதுவும் தாங்கும் என்கிற நம்பிக்கைதான் மிகுந்த விபரீதத்துக்கு இடங்கொடுப்பது. அலுமினியச் சட்டி எத்தனை கனமானாலும், காரக் கரைசல் அதைத் தின்னத் தொடங்கி, நுரைத்துப் பொங்கி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டி ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய இரும்பு வாளிக்கும், ஈயம் பூசிய பித்தளைக்கும் அந்தப் பூச்சு கரைந்துபோகும் கதிதான். கண்ணாடிச் சாடியும் ஏற்றதன்று. செதில் கரையும்போது அடுப்பே இல்லாமல் 80, 90 டிகிரி வரை உஷ்ணம் ஏறுமாதலால், அது திடீரென்று விரிந்து உடைந்துவிடக் கூடும். நல்ல எவர்சில்வர் பாத்திரம் தாங்கும். பிளாஸ்டிக் வாங்குவதானால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றோ 2 என்றோ எண் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்க வேண்டும். 1 என்ற எண்ணுள்ள தண்ணீர் பாட்டிலைக் காரம் நாளடைவில் அரித்துவிடும். அரிக்காவிட்டாலும், குடிதண்ணீர் பாட்டிலில் காரத்தை ஊற்றி வைப்பது, குழந்தைகள் நடமாடும் வீட்டில் மன்னிக்க முடியாத அசிரத்தை. எந்தப் பாத்திரமானாலும், தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சோடாவைக் கொஞ்சங்கொஞ்சமாக இட வேண்டுமேயன்றி, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

பஞ்சாலை ஊராகிய கோவில்பட்டிக்கு மற்றொரு நம்பிக்கை இயல்பாகவே அமைந்துவிட்டது. பருத்தி நூலைக் காஸ்டிக் கரைசலில் தோய்த்து உறுதி ஏற்றும் முறையை இங்கிலாந்தில் ஜான் மெர்சர் 1844இல் கண்டார். நூலையே கெடுக்காத காரம் துணி சுற்றிய கையை என்ன செய்யும் என்று கேட்பவர் உண்டு. பருத்தி கரையாது என்பது வாஸ்தவமே. ஆனால் அது காரத்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளும். பட்டும் கம்பளியுமோ கரைந்தே போகும். ஆகவே நைட்ரில் அல்லது கெட்டியான ரப்பர்க் கையுறை, முழங்கை வரை நீண்டதாக வேண்டும். ஆஸ்பத்திரிகளில் போடும் மெல்லிய உறை கிழிந்துவிடும்.

காரம் பட்ட இடத்தில் எலுமிச்சையையோ தயிரையோ பூசினால் புளிப்பு காரத்தை முறிக்கும் என்பது, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதாலேயே அபாயமான போதனை. அவ்விரண்டும் சேரும்போது பிறக்கும் உஷ்ணம் ஒருபுறமிருக்க, எலுமிச்சையைத் தேடி ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் காரம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். காரம் பட்ட உடுப்பை உடனே அவிழ்த்துவிட்டு, தோலில் செதிலோ வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்புத் தூளோ ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி நீக்கி, பிறகு குறைந்தது இருபது நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணானால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

ஆனால் ஓடும் தண்ணீர் என்று எழுதுவது சுலபம். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எந்த நாளில் வரும் என்று காத்திருக்கும் ஊரில் அதுவே அரிய சாதனம். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டாலும் இருபது நிமிஷத்துக்கு நூறு லிட்டர், அதாவது ஏழெட்டுக் குடம், வேண்டியிருக்கிறது. ஆகையால் கையுறை வாங்குவதற்கும் முன்னதாக, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் பொருத்திய ஒரு டிரம் நிறையச் சுத்தமான தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரம் நிறையாத நாளில் காஸ்டிக் சோடாப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.