வீட்டை விற்றால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: சிவகாசியில் அப்பா 1994இல் இடம் வாங்கிக் கட்டிய வீடு எங்களுடையது. 2019இல் அவர் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், தம்பி, நான் என நான்கு பேர் இருக்கிறோம். பட்டாசு வியாபாரி ஒருவர் வீட்டை 60 லட்சத்துக்குக் கேட்கிறார். அரசு வழிகாட்டி மதிப்பு 38 லட்சம்தான் வருகிறது, பத்திரத்தில் அதையே போடுவோம், மீதி 22 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். அந்த ரொக்கத்திலும் பாதி தீபாவளி வசூல் வந்த பிறகுதானாம். பத்திரச் செலவில் பாதியை நாங்கள் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறார். மாடியில் ஒரு குடும்பம் 3 லட்சம் ஒத்திக்கு இருக்கிறது. அப்பா மராமத்துக்கு எடுத்த வங்கிக் கடனில் 4 லட்சம் பாக்கி. "நீங்க மூணு பேரும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திடுங்க, நானே வித்துப் பிரிச்சுத் தர்றேன்" என்கிறார் அண்ணன். கடைசியில் எங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

– ஒரு வாசகி, திருத்தங்கல்

பதில்: சகோதரி, பத்திரச் செலவில் பாதி கேட்கிறாரே, முதலில் அதை முடித்துவிடுவோம். அது உங்கள் செலவே இல்லை. இந்திய முத்திரைச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் பொறுப்பு. தமிழ்நாட்டில் இப்போது தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். 60 லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம் வரும். பாதியைத் தருகிறோம் என்று நீங்களாக ஒப்புக்கொண்டு எழுதினால் மட்டுமே அந்தச் சுமை உங்கள் தலையில் ஏறும். எழுதாதீர்கள்.

விற்கிறவர் தர வேண்டியது வேறு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, கிரய நாள் வரையிலான வரி பாக்கிகளும் சொத்தின் மீதுள்ள கடன்களும் உங்கள் பொறுப்பு. சிவகாசி 2021இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியானது. சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. நடப்பு அரையாண்டு வரை சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டணம் மூன்றையும் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தரகர் இருந்தால் உங்கள் பக்கத் தரகு எவ்வளவு என்பதை இப்போதே பேசி முடியுங்கள். நான் 1 சதவீதம், அதாவது 60,000 என்று கணக்கில் வைத்துக்கொள்கிறேன். வாரிசுச் சான்றிதழ், அப்பா பெயரிலிருந்து பட்டா மாற்றம், வழக்கறிஞர், பாக்கி வரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு 40,000 ஒதுக்குங்கள்.

அண்ணன் சொல்லும் விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. அப்பாவின் சுய சம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. நால்வருமே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 1 சதவீதத் தீர்வை, உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 10,000 வரை. அந்தப் பணம் வீண். அதைவிட முக்கியம், எழுதிக் கொடுத்த நிமிடத்தில் உங்கள் பங்கு சட்டப்படி உங்களுடையதல்ல. விற்ற லாபத்துக்கான வரி முழுவதும் அண்ணன் ஒருவர் பெயரிலேயே விழும். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கும் இது நல்லதல்ல. பணம் நால்வரின் வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாக வரட்டும்.

ஒத்தியும் வங்கிக் கடனும் செலவல்ல, ஏற்கெனவே வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது. நம் பக்கத்தில் ஒத்திக்குப் பெரும்பாலும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள், பதிவு செய்வதில்லை. பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது என்பதற்காக அதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். "ஒத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். பதிவு நாளன்று 3 லட்சத்தை அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, பழைய தாளைத் திரும்ப வாங்கி, பெற்றுக்கொண்டதாக எழுத்து வாங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் காலண்டர் பைண்டிங் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை வேறு வீடு தேடவே நேரம் இருக்காது. இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் கொடுத்த 3 லட்சம் பல வருடக் கூலியில் சேர்த்த பணம்.

கடனுக்கு வங்கியில் முழுத் தொகையையும் முடிப்பதற்கான கணக்குத் தாளைக் கேளுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும் தனிநபரிடம் அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. 2023 டிசம்பர் முதல் இன்னொரு விதியும் உண்டு. கடன் முடிந்து 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வையுங்கள். அதுவரை வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.

இனி வரி. உங்கள் உண்மையான செலவு இதுதான். வீடு விற்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஆனால் 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த சொத்தானால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்குங்கள். உயர்வுக் கணக்கை அப்பா வைத்திருந்த காலத்திலிருந்தே போடலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் மஞ்சுளா ஷா வழக்கில் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

2001இல் வீட்டின் மதிப்பு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2001-02க்கு குறியீடு 100, 2025-26க்கு 376. ஆகவே இன்றைய அடக்கம் 33 லட்சத்து 84 ஆயிரம். 60 லட்சத்தில் அதையும் தரகையும் கழித்தால் லாபம் 25 லட்சத்து 56 ஆயிரம். அதில் 20 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் வரி சுமார் 5 லட்சத்து 32 ஆயிரம். 12.5 சதவீத முறையில் போட்டால் 6 லட்சத்து 55 ஆயிரம் வருகிறது. எனவே பழைய முறையே லாபம். இது நால்வருக்கும் பிரியும். வேறு வருமானம் இல்லாத அம்மாவுக்கு அடிப்படை விலக்கு வரம்பும் கை கொடுக்கும். தம்பியோ அண்ணனோ தன் பங்கு லாபத்தைப் போட்டு இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், அவருக்கு அந்த வரியே இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை நான் இங்கே எழுதவில்லை. ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னால் போதும்.

மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு 15 லட்சம்தானே என்ற வாதம் 2024 அக்டோபருக்குப் பிறகு எடுபடாது. பிடித்த 60,000 உங்கள் வரியில் கழிந்துவிடும், அதனால் நஷ்டமில்லை. ஆனால் அம்மாவிடம் பான் அட்டை இல்லாவிட்டால் அவர் பங்கில் 20 சதவீதம் பிடிப்பார்கள். 15 லட்சத்தில் 3 லட்சம்! நாளைக்கே விண்ணப்பியுங்கள்.

கணக்கைக் கூட்டுவோம். 60 லட்சத்தில் ஒத்தி 3, கடன் 4, தரகு 60,000, இதர செலவு 40,000, வரி 5 லட்சத்து 32 ஆயிரம் போனால் சுமார் 46 லட்சத்து 68 ஆயிரம் மிஞ்சும். ஆளுக்கு 11 லட்சத்து 67 ஆயிரம்.

கடைசியாக, என்னை மிகவும் கவலைப்படுத்திய விஷயம் அந்த 22 லட்சம். பத்திரத்தில் 38 லட்சம் என்று போட்டால் உங்கள் வரியும் நாலரை லட்சத்துக்கு அருகே குறையும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கணக்கு அப்படித்தான் வரும், மறைக்கவில்லை. ஆனால் வீடு, நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதம். அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. உங்களுக்கு. பதிவுச் செலவில் அந்த வியாபாரி மிச்சம் பிடிப்பது 22 லட்சத்தின் 9 சதவீதம், அதாவது 1 லட்சத்து 98 ஆயிரம். அதற்காக நீங்கள் பணயம் வைப்பது 22 லட்சத்தையும்.

அதோடு முடியவில்லை. "38 லட்சமும் பெற்றுக்கொண்டோம்" என்று நால்வரும் கையெழுத்திட்ட பிறகு, தீபாவளி வசூலை நம்பி நிறுத்திவைத்த பாக்கியை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பீர்கள்? எழுதப்பட்ட விலையில் பாக்கி இருந்தால் அந்தச் சொத்தின் மீதே விற்றவருக்கு உரிமை உண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் அதே 55ஆம் பிரிவு சொல்கிறது. எழுதாத விலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வியாபாரி நாணயமானவராகவே இருக்கலாம். ஆர்டரும் வசூலும் அவர் கையில் மட்டும் இல்லையே. தீபாவளி வரை அவகாசம் வேண்டுமானால் கொடுங்கள். 60 லட்சம் என்றே எழுதி, முன்பணத்தை வங்கி வழியாக வாங்கி, கிரய அக்ரிமெண்ட் போடுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அந்த அக்ரிமெண்டையும் பதிவு செய்தாக வேண்டும். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே கிரயப் பத்திரம், அதன் பிறகே சாவி.

இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால், 55 லட்சத்துக்குக் கேட்டாலும் முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் சம்மதிக்கும் வேறு ஒருவருக்கு விற்றுவிடுங்கள்.