நஞ்சறுப்பான் இலையும் மாஸ்ட் செல்லும்

சென்ற ஆண்டு நாங்கள் வைகை அணைக்கு இன்பச் சுற்றுலா சென்றிருந்தோம். 1959-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் பூங்காவில் ஓடியாடிவிட்டு, நண்பகலில் பொரித்த மீன் வாங்கி உண்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தோழி ஒருத்திக்கு உடம்பெங்கும் காணாக்கடி போல் தடித்தது. உதடு வீங்கி மூச்சும் இரைத்தது. மீன் விற்ற பாட்டி பதறிப்போய், "தாயி, நஞ்சறுப்பான் இலை ரெண்டு மெல்லக் குடுங்க, அடங்கிரும்" என்றார். சிஸ்டரோ, "முதலில் டாக்டரிடம் போகிறோம், பாட்டி" என்று அவளை வேனில் ஏற்றிவிட்டார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது, எங்களுக்கும்தான்!

பாட்டி சொன்னது வெறும் பேச்சா? அறிவியல் ஆசிரியையின் துணையுடன் தேடிப் பார்த்தோம்.

நம் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மாஸ்ட் செல்கள் உள்ளன. 1878-இல் அவற்றுக்குப் பெயரிட்ட ஜெர்மானியர் பால் எர்லிக், உள்ளே நிறைந்த மணிகளைக் கண்டு, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று எண்ணினாராம். உண்மையில் அம்மணிகளில் இருப்பது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள். ஒவ்வாத பொருள் உடலில் நுழைந்து, செல்லின்மேல் காத்திருக்கும் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளில் ஒட்டியதும் மணிகள் வெளியே கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், இளைப்பு எல்லாம் அதன் விளைவே.

இந்தச் செல்லை அடக்கும் மருந்துக்கு வழிகாட்டியதும் ஒரு செடிதான். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் அம்மி விஸ்நாகா என்னும் செடியின் கெல்லின் என்ற பொருளை ஒட்டிப் பல சேர்மங்கள் செய்யப்பட்டன. ஆஸ்துமா நோயாளியான டாக்டர் ரோஜர் ஆல்டூன்யன், தமக்குத் தாமே இளைப்பை வரவழைத்துக்கொண்டு அவற்றைச் சோதித்தார். 1965-இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. எத்தனை துணிச்சல் பாருங்கள்!

இனி நஞ்சறுப்பான். 1960-களின் இறுதியில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் டாக்டர் சிவபுரி குழுவினர், ஆஸ்துமா நோயாளிகளை இவ்விலையை ஆறு நாள் மெல்லச் செய்தனர். பலருக்குக் குணம் தெரிந்தது. சிலருக்கு வாய் புண்ணாகி வாந்தியும் வந்தது. 1979-இல் வெளியான வேறோர் ஆய்வில் பயன் தெரியவில்லை. 1981-இல் வெளிவந்த ஆய்வொன்றோ, இலையின் ஆல்கலாய்டுகளை மாஸ்ட் செல்லை அடக்குவதில் குரோமோகிளைகேட்டுடனேயே ஒப்பிட்டது. பாட்டி சொன்னதில் பொருளில்லாமல் இல்லை.

ஆனால் அன்று அது உதவியிருக்காது. குரோமோகிளைகேட் போன்றவை மணிகள் கொட்டுமுன் தடுப்பவை. கொட்டிய பிறகு மூச்சுக்குழாயைத் திறந்து, இரத்த அழுத்தத்தை நிமிர்த்துவது அட்ரினலினே. மூச்சுத் திணறுபவளுக்கு வாந்தி வரவழைக்கும் இலையைக் கொடுத்திருந்தால்?

இவ்வாண்டும் அணைக்குச் சென்றோம். தோழி புளியோதரை கொண்டு வந்தாள். பாட்டி அவளை அடையாளம் கண்டு கன்னத்தைத் தடவினார். பிறகு எங்களை வேலியோரம் அழைத்துச் சென்று, இரட்டை இரட்டையாய் இலைவிட்டுச் சுற்றிப் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டினார். ஓர் இலையை நோட்டுக்குள் வைத்துக் கொண்டு வந்தோம். இப்போது அது ஆய்வுக்கூடத்து ஹெர்பேரியத்தில் இருக்கிறது.