அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்

வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். கடவுச்சீட்டு என்றும் இதைச் சொல்கிறோம். சின்னப் புத்தகம்தான். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது நேரத்துக்குக் கிடைக்காமல் வேலையை இழந்தவர்கள் உண்டு. அதற்காக நகையை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கொடுத்தவர்களும் உண்டு.

பாஸ்போர்ட் கொடுப்பது மத்திய அரசின் வெளியுறவுத் துறை. மற்ற நாடுகளோடு பேசுவதும் இந்தத் துறைதான். வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களை நடத்துவதும், அங்கே துன்பப்படும் நம் மக்களுக்கு உதவுவதும் இதன் வேலை. இந்தத் துறைக்கு ஓர் அமைச்சர் இருக்கிறார். அவர் இருப்பது டெல்லியில். நாம் இருப்பது நம் ஊரில். அவரிடம் யார் போய்க் கேட்பது?

கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் கேள்வி நேரம்.

கேள்வி நேரம் என்றால் என்ன?

நம் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உள்ளன. ஒன்று மக்களவை. அதற்கு 543 உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். மற்றொன்று மாநிலங்களவை. அவை கூடும் நாட்களில் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கென்று ஒதுக்கப்படுகிறது. மக்களவையில் காலை 11 மணிக்கு இது தொடங்கும். மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு.

உறுப்பினர் நினைத்தவுடன் எழுந்து கேட்டுவிட முடியாது. 15 நாட்களுக்குக் குறையாமல் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அமைச்சர் விவரங்களைத் திரட்ட முடியும். நிறையக் கேள்விகள் வருவதால் குலுக்கல் முறையில் வரிசை முடிவாகிறது.

கேள்விகளில் இரண்டு வகை முக்கியம்.

முதல் வகை, நட்சத்திரக் குறி போட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் போதவில்லை என்றால் உறுப்பினர்கள் துணைக்கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும்.

இரண்டாம் வகை, நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. இதற்கு எழுத்தில் பதில் வரும். துணைக்கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 கேள்விகள் வரை இப்படிப் பட்டியலில் இடம்பெறும்.

கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது. இப்படிச் சில விதிகள் உண்டு.

கேள்வி எப்படி இருக்கும்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இது நாம் புரிந்துகொள்வதற்காக எழுதியது.

வெளியுறவுத் துறை அமைச்சர் கூறுவாரா:
(அ) பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் பல மாதங்கள் காத்திருப்பது உண்மையா?
(ஆ) ஆம் எனில், அதற்குக் காரணம் என்ன?
(இ) தாமதத்தைக் குறைக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

இதற்கு வரும் பதிலை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் பகுதிக்கு அமைச்சர் "இல்லை" என்று சொல்லிவிட்டால், அடுத்த பகுதிகளுக்கு "இக்கேள்வி எழவில்லை" என்று பதில் வரும். அதோடு முடிந்தது. ஆகவே கேள்வியை இடம் கொடுக்காமல் கேட்க வேண்டும். எந்த ஊர், எந்த அலுவலகம், எத்தனை பேர், எவ்வளவு நாள் என்று குறிப்பாகக் கேட்டால், மழுப்புவது கடினம்.

சில நேரம் "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று பதில் வரும். இது ஒரு வாக்குறுதி. இப்படிக் கொடுத்த வாக்குறுதிகளைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும் என்பது முறை.

எங்கள் கற்றல் மையத்தில் இதைப் பேசியபோது ஓர் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, எம்.பி. கேட்டா அமைச்சர் பயந்துடுவாரா?"

"பயப்பட மாட்டார், அக்கா. ஆனா அவர் சொன்னது அப்படியே எழுத்துல பதிவாயிடும். நாளைக்கு நான் சொல்லலைன்னு சொல்ல முடியாது" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "அப்போ அது கடன் பத்திரம் மாதிரி" என்றார். நல்ல உவமை. கடன் பத்திரம் கையில் இருந்தால்தான் பின்னால் கேட்க முடியும்.

நாட்டின் எல்லை பற்றிய கேள்வி

மற்ற நாடுகளோடு எப்படி நடந்துகொள்வது என்று அரசு வகுக்கும் வழியை வெளியுறவுக் கொள்கை என்கிறோம். இது பெரியவர்கள் பேச்சு, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் போர் வந்தால் எல்லைக்குப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

விடுதலை பெற்ற 1947 முதல் 1964இல் இறக்கும் வரை ஜவாஹர்லால் நேரு பிரதமராக இருந்தார். வெளியுறவுத் துறையையும் அவரே வைத்திருந்தார். லடாக்கின் அக்சாய் சின் பகுதி வழியாகச் சீனா ஒரு சாலை போட்டது. 1957இல் அந்த வேலை முடிந்தது. அது நம் மக்களுக்குத் தெரியாமல் இருந்தது. 1959 ஆகஸ்டில் எல்லை நிலவரம் பற்றி உறுப்பினர்கள் கேட்டபோது, நேரு அந்தச் சாலை பற்றி அவையில் சொன்னார். அடுத்த மாதமே இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெள்ளை அறிக்கையாக வெளிவந்தன. கேள்வி கேட்டதால் நாட்டு மக்களுக்கு உண்மை தெரிய வந்தது.

காத்திருந்த குடும்பங்கள்

2014 ஜூன் மாதம். ஈராக் நாட்டில் மோசுல் நகரத்தைப் பயங்கரவாதிகள் பிடித்தார்கள். அங்கே வேலை பார்த்த 39 இந்தியத் தொழிலாளர்கள் காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் மாநிலத்தவர். இமாசலப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் பிழைப்புக்காகப் போன ஏழைகள். அவர்களோடு இருந்து தப்பி வந்த ஒருவர், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை.

அப்போது வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? ஆதாரம் இல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று அறிவிக்க முடியாது என்று 2017 ஜூலையில் மக்களவையில் அமைச்சர் சொன்னார்.

2018 மார்ச் 20 அன்று மாநிலங்களவையில் அவர் எழுந்து நின்றார். 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று அறிவித்தார். மோசுலுக்குப் பக்கத்தில் பதூஷ் என்னும் இடத்தில் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. மரபணுச் சோதனை மூலம் அடையாளம் தெரிந்தது. அன்று மக்களவையிலும் சொல்ல முயன்றார். அங்கே ஒரே கூச்சல். சொல்ல முடியவில்லை.

குடும்பத்தார் சிலர் இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில்தான் கேட்டார்கள். எங்களிடம் முதலில் சொல்லக் கூடாதா என்று அழுதார்கள். நாடாளுமன்றத்தில் முதலில் சொல்வது தன் கடமை என்றார் அமைச்சர்.

இரண்டு பக்கத்தையும் நாம் யோசிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாகத் தாய்மார்கள் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்ததும் அவையில் சொன்ன பதில்தான். அதனால் அமைச்சர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. பதில் பதிவாகி இருப்பதால்தான் 2014இல் என்ன சொன்னார்கள், 2018இல் என்ன சொன்னார்கள் என்று இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கூச்சல் போட்டுக் கேள்வி நேரத்தை வீணாக்கினால் நட்டம் யாருக்கு? பதிலுக்குக் காத்திருக்கும் ஏழைக்குத்தான்.

பாஸ்போர்ட் நம் உரிமை

வெளிநாடு போவதும் ஒருவருடைய தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1977இல் மேனகா காந்தியிடமிருந்து அரசு பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டது. காரணம் கேட்டார். சொல்ல மறுத்தார்கள். வழக்குப் போட்டார். அரசு நியாயமான முறையில் நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் பேச்சையும் கேட்க வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் பெரிய இடத்துப் பெண். ஆனால் அந்தத் தீர்ப்பு நம் எல்லாருக்கும் பொருந்தும்.

நமக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதைச் சொல்லாமல் இருக்க முடியும். மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட்

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். சவூதி அரேபியா, குவைத், ஓமன், மலேசியா போன்ற சில நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்பது இதன் பொருள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த முறை நடக்கிறது. படிப்புக் குறைந்தவர்களை முதலாளிகளும் தரகர்களும் ஏமாற்றக் கூடாது என்பதே நோக்கம். இப்படிப் போகிறவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும்.

2018 ஜனவரியில் வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்புச் செய்தது. ஈ.சி.ஆர். உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்படும் என்றது. மற்றவர்களுக்கு வழக்கமான நீல நிறம். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே இவர் படிக்காதவர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பலரும் இதை எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். அந்த மாதம் 30ஆம் நாளே துறை அந்த முடிவைக் கைவிட்டது.

பாருங்கள். எழுத்துப் படிக்காதது குற்றம் அல்ல. அதற்காக ஒருவர் நெற்றியில் நிறம் பூசக் கூடாது. அதைச் சொன்னார்கள், அரசு கேட்டது. சும்மா இருந்திருந்தால் ஆரஞ்சு அட்டை இன்று நடைமுறையில் இருந்திருக்கும்.

பிறப்புச் சான்றிதழ்

1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர்கள் பாஸ்போர்ட் பெறப் பிறப்புச் சான்றிதழ் காட்டியே ஆக வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. வீட்டில் பிறந்த பலருக்கு அது இல்லை. 2016 டிசம்பரில் விதி தளர்ந்தது. ஆதார், வாக்காளர் அட்டை போன்ற வேறு சான்றுகளும் ஏற்கப்பட்டன. 2025இல் மறுபடி ஒரு மாற்றம் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்று. ஆகவே குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யுங்கள். பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

2017 முதல் அஞ்சலகங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் முதலில் தொடங்கினார்கள். இப்போது நாடு முழுதும் நானூறுக்கும் மேல் உள்ளன. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் தொகுதி எம்.பி. யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் உங்கள் உறுப்பினர்தான். பாஸ்போர்ட் தாமதமானாலும், வெளிநாட்டில் உங்கள் வீட்டுக்காரர் துன்பப்பட்டாலும் அவருக்கு எழுதுங்கள். அவர் அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். அவையில் கேள்வியும் கேட்கலாம்.

கடிதத்தில் இவற்றை மறக்காமல் எழுதுங்கள்: பெயர், ஊர், விண்ணப்ப எண், விண்ணப்பித்த நாள், இதுவரை நடந்தது என்ன, உங்களுக்கு வேண்டியது என்ன. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றோம். கையெழுத்துப் போடக் கற்றோம். அடுத்து, ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதக் கற்போம்.

புதிய சொற்கள்
கடவுச்சீட்டு - பாஸ்போர்ட்
துணைக்கேள்வி - பதிலைத் தொடர்ந்து கேட்கும் கேள்வி
வெளியுறவுக் கொள்கை - பிற நாடுகளோடு பழக அரசு வகுத்த வழி
வெள்ளை அறிக்கை - ஒரு விஷயம் பற்றி அரசு வெளியிடும் முழு விவரம்
மேல்முறையீடு - முடிவை மாற்றக் கேட்டு மேல் அதிகாரியிடம் போவது

பயிற்சி
1. நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கும் மற்றக் கேள்விக்கும் என்ன வேறுபாடு?
2. "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொன்னால் அதன் பொருள் என்ன?
3. மோசுல் தொழிலாளர் பற்றிய செய்தியை முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? குழுவாகப் பேசுங்கள்.
4. உங்கள் ஊரில் உள்ள ஒரு குறையைப் பற்றி (அ), (ஆ), (இ) என்று மூன்று பகுதிகளாகக் கேள்வி எழுதுங்கள்.